இரண்டு கைக்குள் அடங்குகிற நாய்

வீடு சின்னது, அதனால் நாயும் சின்னதாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் மூன்று வருடமாக நடந்த வழக்கில் எல்லாத் தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். மகள் எட்டு வயதில் நாய் கேட்க ஆரம்பித்தாள். இப்போது அவளுக்குப் பதினொன்று. கணவருக்கு நாய் என்றால் கொள்ளை ஆசை, ஆனால் காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம், கையில் தடி, பால்கனியில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். ஆகவே நாய் வந்தால் யார் தலையில் விடியும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை. பெரிய நாய் பாவம், இடம் பத்தாது. சின்ன நாய் என்றால் சமாளித்துவிடலாம். இந்தக் கணக்கில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க எனக்குப் பத்து நாளும் ஒரு நாயும் தேவைப்பட்டன.

டெரியர் என்ற நாய் வகையின் பேச்சு வந்ததற்குக் காரணம் ஒரு படம். தாத்தாவின் பழைய இசைத்தட்டுகளை ஒழுங்குபடுத்தும்போது, நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தை மகள் பார்த்தாள். கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையை ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, அந்த எச்.எம்.வி. (ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ், அதாவது எஜமானரின் குரல்) நாய். "இந்த மாதிரி அமைதியா ஒண்ணு போதும்மா" என்றாள். தேடிப் பார்த்தேன். அந்த நாய் நிஜமாகவே இருந்திருக்கிறது. 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்து 1895-ல் இறந்துபோனது. அதை வளர்த்தவர்களில் ஒருவரான ஓவியர் பிரான்சிஸ் பராட் அந்தப் படத்தை வரைந்து முடித்ததே நாய் செத்து மூன்று வருடம் கழித்துத்தான். ஜாக் ரஸ்ஸல் டெரியர் கலப்பாக இருந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. பெயர் நிப்பர். வீட்டுக்கு வருகிறவர்களின் காலைப் பின்னாலிருந்து கவ்வுகிற பழக்கம் இருந்ததால் அந்தப் பெயராம். படித்துச் சிரித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அமைதிக்கு உதாரணமாக மகள் காட்டிய நாய்க்குக் கடியை வைத்துத்தான் பெயரே வந்திருக்கிறது. அந்த இடத்தில் கொஞ்சம் நின்றிருக்கலாம்.

பத்து நாள் ஒத்திகை

தோழி ஒருத்தி வெளியூர் போக வேண்டியிருந்தது. அவளிடம் நான்கு வயது ஜாக் ரஸ்ஸல் ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் வெள்ளை, இடது கண்ணைச் சுற்றி மட்டும் ஒரு பழுப்புத் திட்டு. பெயர் பொட்டு. பத்து நாள் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவள் கேட்டபோது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு. ஓர் இனத்தைப் பற்றி நூறு பக்கம் படிப்பதைவிட அந்த இனத்து நாயோடு பத்து நாள் குடித்தனம் நடத்திப் பார்த்துவிடலாம் இல்லையா? அதுவும் வளர்ந்த நாயோடு. குட்டியைப் பார்த்து முடிவெடுப்பது ரொம்ப ஆபத்து. குட்டி என்றால் எந்த இனமாக இருந்தாலும் மனசு இளகித்தான் போகும், அதுவும் நாளில் பாதிக்கு மேல் தூங்கி வழியும். அதன் சுபாவம் என்ன என்பது ஒரு வயதுக்கு மேல்தான் வெளியே வரும். அதற்குள் நாம் பெயர் வைத்து, படுக்கை தைத்து, உறவு கொண்டாட ஆரம்பித்திருப்போம்.

ஒப்படைக்கும்போது தோழி ஒன்று செய்து காட்டினாள். பொட்டுவின் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சைச் சுற்றி இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். முதுகின் மேல் கட்டைவிரல்கள் ஒன்றையொன்று தொட்டன, அடியில் மற்ற விரல்கள் தொட்டன. "இப்படி அடங்கணும். இதுதான் இவங்களுக்கு அளவு" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த இனத்துக்கான சர்வதேச வரையறையிலேயே நெஞ்சுச் சுற்றளவு 40 முதல் 43 சென்டிமீட்டர் என்று போட்டிருக்கிறது. உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர். உயரத்தில் 5 சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்ற கணக்கில் எடை ஐந்து, ஆறு கிலோ. நானும் தூக்கிப் பார்த்தேன். என் கைக்குள்ளும் அடங்கியது. பெருமை தாங்கவில்லை எனக்கு. "பாரும்மா, ரெண்டு கைக்குள்ள அடங்குது."

அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தாள். "கைக்குள்ள அடங்குது சரி. வீட்டுக்குள்ள அடங்குமா?"

முதல் இரண்டு நாள் அடங்கத்தான் செய்தது. புது இடம், புது வாசனை, பாவம் எங்கே போவது என்று தெரியாமல் என் பின்னாலேயே சுற்றினான். மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு என் கன்னத்தில் ஈர மூக்கு. அன்றிலிருந்து வீட்டுக்கு அவன்தான் கடிகாரம். லிஃப்ட் நிற்கிற சத்தம், எதிர்வீட்டுச் சாவிக்கொத்து, என் தொலைபேசி, கீழே யாரோ கார் கதவைச் சாத்துவது, எல்லாவற்றுக்கும் ஒரு குரைப்பு. பெரிய நாய் குரைத்தால் அடிவயிற்றிலிருந்து வரும், கேட்டால் ஒரு மரியாதை தோன்றும். இது அப்படி இல்லை. கண்ணாடியில் ஆணியால் கீறுகிற மாதிரிச் சின்னச் சின்னதாக, நிறுத்தாமல். மடிக்கணினியில் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது நான் ஒலியை அணைத்து அணைத்து, கடைசியில் என்னைப் பேசச் சொன்னபோதும் அணைத்த நிலையிலேயே இரண்டு நிமிடம் பேசினேன்.

நடைக்குக் காலையில் முக்கால் மணி நேரம், மாலையில் முக்கால் மணி நேரம். திரும்பி வந்து நான் நாற்காலியில் சாய்ந்தால் அவன் பந்தைக் கொண்டுவந்து என் காலடியில் வைப்பான். களைப்பு என்ற சொல்லே அவன் அகராதியில் இல்லையோ என்று தோழியிடம் புலம்பினேன். கால்களை விடு, மூக்குக்கு வேலை கொடு என்றாள். ஒரு பழைய துண்டில் அவனுடைய உணவுத் துணுக்குகளைப் போட்டுச் சுருட்டி, அதை இன்னொரு துண்டில் சுருட்டி, அட்டைப்பெட்டிக்குள் திணித்து வைத்தேன். இருபது நிமிடம் பெட்டியைக் கிழித்து, துண்டை உதறி, கடைசித் துணுக்குவரை மோப்பம் பிடித்துத் தின்றுவிட்டு அப்படியே தரையில் பக்கவாட்டில் விழுந்து தூங்கினான். ஒன்றரை மணி நேர நடை செய்யாததை இருபது நிமிட மோப்பம் செய்தது. இதை மட்டும் யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் சோபாவின் வலது மூலை தப்பித்திருக்கும். அந்த மூலையில் மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள இடுக்கில் ஏதோ புதையல் இருப்பதாக அவனுக்கு எண்ணம்.

அப்புறம் முடி. குட்டை முடி நாய் என்றால் முடிப் பிரச்சினை இல்லை என்று நினைத்திருந்தேன். நீளமான முடி உதிர்ந்தால் சுருண்டு தரையில் கிடக்கும், கூட்டிவிடலாம். இது ஒரு விரற்கடை நீள வெள்ளை ஊசி. துணி நெசவுக்குள் நேராக ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கணவரின் கறுப்புக் கால்சட்டைகள் எல்லாம் மூன்றே நாளில் சாம்பல் நிறம்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். சிரித்துக்கொண்டேதான் சொல்லிக்கொண்டிருந்தோம். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது நான்காம் நாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். நடைக்குப் போய்விட்டு வந்த பொட்டுவின் கழுத்துக் கயிற்றைக் கழற்ற மறந்திருக்கிறேன். வாசலில் மணி அடித்திருக்கிறது, அம்மா எழுந்து கதவைத் திறக்கப் போயிருக்கிறாள். அவன் குரைத்துக்கொண்டே அம்மாவைச் சுற்றி இரண்டு வட்டம் ஓடியதில் கயிறு தடியிலும் காலிலும் சுற்றிக்கொண்டது. நல்லவேளை, அம்மா சுவரைப் பிடித்துவிட்டாள். ஆறு கிலோ நாய்தான். ஆனால் ஒன்றரைக் காலில் நிற்கிற மனுஷிக்கு ஆறு கிலோவின் திடீர் இழுப்பு என்னவென்று அன்றுதான் எனக்கு உறைத்தது. நான் ஈரத் தலையோடு ஓடிவந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "கயிறைக் கழட்டு முதல்ல" என்றாள், அவ்வளவுதான்.

சின்னது எதற்கு?

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன். டெரியர் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் நிலத்தைக் குறிக்கும் 'டெர்ரா'. மண்ணுக்குள் போகிற நாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஜாக் ரஸ்ஸல் என்பது ஓர் ஆளின் பெயர்: 1795-ல் பிறந்து 1883 வரை வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயப் பாதிரியார். நரி வேட்டைப் பைத்தியம். 1819-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது ஒரு பால்காரரிடமிருந்து டிரம்ப் என்ற வெள்ளைப் பெட்டை நாயை வாங்கினார். கண்களின் மேலும் காதுகளின் மேலும் பழுப்புத் திட்டு, வாலடியில் காசளவுக்கு ஒரு புள்ளி. இன்றைக்கு ஜாக் ரஸ்ஸல், பார்சன் ரஸ்ஸல் என்று இரண்டு பெயரில் அழைக்கப்படும் நாய்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 'பார்சன்' என்றாலும் பாதிரியார்தான். பார்சன் ரஸ்ஸல் நாய்க்குக் கால் கொஞ்சம் நீளம்.

வேட்டையில் இந்த நாய்க்கு என்ன வேலை? குதிரைகளும் பெரிய வேட்டை நாய்களும் நரியைத் துரத்தும். நரி போய் வளைக்குள் பதுங்கும். பெரிய நாய்கள் வெளியே நின்று ஊளையிட வேண்டியதுதான். அப்போது இந்தச் சின்ன நாயை உள்ளே அனுப்புவார்கள். நரியைக் கொல்வதற்கு இல்லை, குடைச்சல் கொடுத்து வெளியே ஓட வைப்பதற்கு. நரி நுழைகிற பொந்துக்குள் நுழைய வேண்டும் என்றால் நெஞ்சு அதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இரண்டு கைக்குள் அடங்குகிறதா என்று பிடித்துப் பார்ப்பது அதற்காகத்தான். நான் பெருமையாக அம்மாவிடம் காட்டிய அளவு என் மடிக்காகவோ மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்காகவோ ஏற்பட்டதே இல்லை. அது நரிப் பொந்தின் அளவு.

இதைப் படித்த பிறகு அந்த நான்கு நாளும் வேறு மாதிரித் தெரிந்தன. பூமிக்கு அடியில் நாய் எங்கே இருக்கிறது என்று மேலே நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? விடாமல் குரைத்தால்தான் தெரியும். குரைக்கிற இடத்தைக் கேட்டு அங்கே தோண்டுவார்கள். குரைப்பை நிறுத்துகிற நாய் அந்த வேலைக்கு லாயக்கில்லை. சோபா இடுக்கு ஒரு வளை. குழி தோண்டுவது கெட்ட பழக்கம் இல்லை, படிப்பு. கூப்பிட்டால் வராததுகூட அப்படித்தான். ஆடு மேய்க்கிற நாயைப் பாருங்கள், ஒரு கண் ஆட்டின் மேல் இருந்தால் இன்னொரு கண் எஜமானன் மேல் இருக்கும். அவன் விசிலுக்குத்தான் அது திரும்பும். டெரியர் இருட்டுக்குள், மனிதனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தது. எதிரே தன்னளவு மிருகம் பல்லைக் காட்டும்போது முன்னே போவதா பின்வாங்குவதா என்று அதுவே முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்த நாய்களைத்தான் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனவிருத்தி செய்திருக்கிறார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, சொன்ன பேச்சு கேட்கவில்லை என்று நாம் குறைப்படுகிறோம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்கிறோமே, அந்தத் தனி வளைக்குள்ளும் நுழைந்து எலியை இழுத்து வருகிற ஜாதி இது. (எலி என்றதும் ஒன்று: எலி பிடிக்கிற நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசி விடுபடாமல் போட வேண்டும் என்று பொட்டுவின் மருத்துவர் தோழியிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறார். அது நாயிடமிருந்து நமக்கும் தொற்றும்.)

சரி, ஜாக் ரஸ்ஸல் வேண்டாம், அதே குடும்பத்தில் வேறு ஏதாவது சாதுவாக இருக்காதா என்று இரண்டு ராத்திரி தேடினேன். யார்க்‌ஷைர் டெரியர் 3 கிலோ சொச்சம்தான். பட்டு மாதிரி முடி, அதிகம் உதிராது, ஆனால் நம் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், தினமும் சீவ வேண்டும். மூச்சுக்குழாய் மெலிவு என்பதால் கழுத்துப்பட்டையில் கயிறு மாட்டாமல் நெஞ்சுப்பட்டைதான் போட வேண்டும். மடியில் வைத்துக்கொள்ளவே பிறந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் நெசவாலைகளில் எலி பிடித்த பரம்பரை அது. இரண்டாம் உலகப் போரில் ஸ்மோக்கி என்று ஒரு யார்க்‌ஷைர் இருந்தது. பிலிப்பைன்ஸில் விமானத் தளம் ஒன்றில் ஓடுபாதைக்கு அடியில் தொலைபேசிக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. தோண்டினால் நாள்கணக்கில் ஆகும், விமானங்கள் நகர முடியாது. 2 கிலோகூட இல்லாத அந்த நாயின் கழுத்துப்பட்டையில் கம்பியோடு பிணைத்த நூலைக் கட்டி 21 மீட்டர் நீளக் குழாய்க்குள் அனுப்பினார்கள். அது போய் மறுபக்கம் வெளியே வந்தது. உச்சியில் ரிப்பன் கட்டினாலும் பொந்தைக் கண்டால் கால் நிற்காது போலிருக்கிறது.

வெஸ்ட் ஹைலேண்ட் டெரியர் பார்க்கப் பஞ்சுப் பொம்மை, ஆனால் தோல் ஒவ்வாமைக்குப் பேர் போனது. வாரம் ஒருமுறை மருத்துவர் வாசலில் நிற்கிற தெம்பு எனக்கில்லை. நார்விச் டெரியருக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு, கிடைப்பதும் அரிது. பார்டர் டெரியர் மற்ற நாய்களோடு ஒத்துப்போகும், கொஞ்சம் நிதானம் என்கிறார்கள், எனக்கு மனசு அதன் பக்கம் ஓடியது. அதற்கும் சின்னப் பிராணிகளைக் கண்டால் துரத்தத்தான் தோன்றும். திபெத்தியன் டெரியர் என்று ஒன்று இருக்கிறது, அது டெரியரே இல்லையாம், பெயர் வைத்தவர்கள் பண்ணிய குழப்பம். தேடத் தேட எல்லா வழியும் அந்தப் பொந்துக்கே போய் முடிந்தது.

ஏழாம் நாள் மத்தியானம்

இந்த இடத்துக்கு வரத்தான் இவ்வளவு எழுதினேன். ஏழாம் நாள் மத்தியானம் வீடு அமைதியாக இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில், அம்மா உள்ளே படுத்திருந்தாள். ஒரு மணி நேரம் வேலை தடையில்லாமல் ஓடிய பிறகுதான் குரைப்பே கேட்கவில்லை என்பது உறைத்தது. பரவாயில்லையே, பழகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். இன்னும் ஒரு மணி நேரம் வேலை செய்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தபோது கூடத்தில் அவனைப் பார்த்தேன்.

பால்கனிக்குப் போகும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். திரைச்சீலையை யாரோ விலக்கி வைத்திருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பறவைக் கூண்டு. முதுகு நேராக, முன்னங்கால் இரண்டும் சேர்ந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து. அச்சு அசல் அந்த இசைத்தட்டு நாய். மகளுக்குக் காட்டலாம் என்று ஓசைப்படாமல் போய் போனை எடுத்துவந்து, நல்ல கோணத்துக்காகப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது. அவன் தொடைத் தசை சன்னமாக, விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. முகவாய்க்குக் கீழே தரையில் ஒரு ரூபாய் நோட்டளவுக்கு எச்சில் ஈரம். கண் இமைக்கவில்லை. "பொட்டு" என்றேன். காது மடல்கூட அசையவில்லை. இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். பிஸ்கட் டப்பாவைக் குலுக்கினேன், மூன்று அறைக்கு அந்தப்பக்கமிருந்தும் அவனை வரவழைக்கிற டப்பா அது. நான் அங்கே இல்லவே இல்லை அவனுக்கு. உறுமீனுக்காக நிற்கிற கொக்கு எப்படி நிற்குமோ அப்படி இருந்தான், இரண்டு மணி நேரமாக.

தூக்கிப் போய்விடலாம் என்று நெஞ்சைச் சுற்றி இரண்டு கைகளையும் கொடுத்தேன். விரல்கள் தொட்டன, நடுவில் அவன் இதயம் அடித்தது. கையில் பிடித்த குருவியின் இதயம் மாதிரி அவ்வளவு வேகம். அந்தப் பத்து நாளில் அவன் மிக அழகாக இருந்த நேரம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். சோபாவைத் தோண்டியதும் மணிக்குக் குரைத்ததும் எல்லாம் சும்மா பொழுதுபோக்கு. இதற்காகத்தான் அவன் உயிரோடு இருக்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது. எங்கள் வீட்டில் அவன் வாழ வேண்டும் என்றால் தினமும் இதைத்தான் செய்யாதே என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் படத்து நிப்பர் எஜமானரின் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பதாகத்தான் உலகம் நம்புகிறது. எனக்கென்னவோ அந்தக் குழாய்க்குள் எலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

பிறகு கூண்டைப் பார்த்தேன். இரண்டு பறவைகளும் தூரத்து மூலையில் ஒன்றோடொன்று ஒட்டி, இறகை உடம்போடு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. தீனிக் கிண்ணம் நிறைந்திருந்தது. அம்மா எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை, பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கு இல்ல. அவன் வந்த நாள்லருந்தே இதுங்க கத்தறதில்ல. நீ கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. குரைப்பு காதை அடைத்திருந்தது. வீட்டில் ஒரு சத்தம் கூடியதைப் பத்து பேரிடம் சொல்லிச் சிரித்தேன், ஒரு சத்தம் நின்றுபோனது தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "குழந்தை ஆசையா இருக்கா. பத்து நாள்தானேன்னு விட்டேன்" என்றாள் அம்மா. கூண்டின் மேல் ஒரு புடவையைப் போர்த்தினோம். பொட்டுவை என் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். சாயங்காலம் வரை கதவடியில் மூக்கை வைத்துப் படுத்திருந்தான்.

கணக்கு

தோழியிடம் போனில் கேட்டேன், பழக்கினால் மாறாதா என்று. அவள் நாயைப் பற்றிப் பொய் சொல்லாத மனுஷி. குட்டியிலிருந்தே பூனையோடு வளர்ந்த டெரியர்கள் அந்தப் பூனையை விட்டுவைப்பது உண்டு, தெருப் பூனைக்கு அந்தச் சலுகை கிடையாது என்றாள். கூண்டுப் பறவை, வெள்ளெலி, முயல் இருக்கிற வீட்டில் எவ்வளவு பழகியிருந்தாலும் கண்காணிப்பு இல்லாமல் ஒரு நிமிடம்கூட விடக் கூடாது. "அடக்கி வைக்கலாம். எடுத்துட முடியாது" என்றாள்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நால்வரும் உட்கார்ந்து பேசினோம். கணவர் ஒரு காகிதத்தில் எங்கள் நாளை மணிவாரியாக எழுதினார். நல்ல யோசனைதான், மூன்று வருடத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது. காலை நடை நான். பகல் முழுக்க நான், அல்லது நான் வெளியே போகிற நாளில் அம்மா. நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக் கூடாது என்பார்கள். அம்மாவோடு விடலாம், ஆனால் கயிற்றை அம்மா கையில் கொடுக்க முடியாது. மாலை நடை மகள், தேர்வு இல்லாத மாதங்களில். காகிதத்தில் என் பெயர்தான் நிறைய இருந்தது. அதைப் பார்த்து அவரே கொஞ்சம் நேரம் பேசாமல் இருந்தார்.

பிறகு வயதுக் கணக்கு வந்தது. பிரிட்டனில் கால்நடை மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், பார்த்த இனங்களிலேயே ஜாக் ரஸ்ஸலுக்குத்தான் ஆயுள் எதிர்பார்ப்பு அதிகம், 12.7 வருடம். பிரெஞ்சு புல்டாக் 4.5-ல் நின்றிருந்தது. ஆரோக்கியமான இனம் என்று அதை நான் சாதகமான பக்கத்தில்தான் எழுதி வைத்திருந்தேன். பரம்பரை நோய் இல்லாமலும் இல்லை. கண்ணுக்குள் லென்ஸ் இடம் நழுவிப் பார்வை போகிற ஒரு நோய் டெரியர்களில் உண்டு, தாய் தந்தைக்கு மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேட்காமல் குட்டி வாங்கக் கூடாது. அதெல்லாம் நாங்கள் கேட்டுவிடுவோம். மகள்தான் வேறு ஒரு கேள்வி கேட்டாள்.

"பாட்டி, உன் பேர்ட்ஸுக்கு எத்தனை வயசு?"

"ஆறு."

"எவ்வளவு வருஷம் இருக்கும்?"

பத்து, பதினைந்து வருடம் இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணினாள். பறவைகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று யாரும் வாயெடுப்பதற்கு முன்னால், கணவர் வாயெடுக்கத்தான் போனார், நான் முகத்தைப் பார்த்தேன், மகளே "அப்ப வேணாம்" என்றாள். அழவில்லை. எழுந்து போய் என் அறைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்துகொண்டாள். பொட்டுவின் வால் கட்டிலில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பாக்கி மூன்று நாளும் கூண்டு அம்மாவின் அறையில், கதவு சாத்தி இருந்தது. பொட்டுவுக்குத் துண்டும் அட்டைப்பெட்டியும் தினம் இரண்டு வேளை. தோழி வந்து கூட்டிப் போனபோது அவன் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அவள் முழங்கால் உயரத்துக்குத் துள்ளிக்கொண்டே லிஃப்டுக்குள் போனான். அவள் வீட்டில் ஒரு சின்னத் தோட்டம் இருக்கிறது, அதில் ஒரு மூலையை அவனுக்கென்றே தோண்ட விட்டிருக்கிறாள். பறவைகள் மறுபடி கத்த ஆரம்பிக்க இரண்டு நாள் ஆயிற்று. கறுப்புக் கால்சட்டையில் வெள்ளை ஊசி இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

நேற்று தோழி கூப்பிட்டாள். அடுத்த மாதம் நான்கு நாள் ஊரில் இல்லை, வேறு யாரும் கிடைக்கவில்லை என்று இழுத்தாள். கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மா கிண்ணத்தில் தீனி நிரப்பிக்கொண்டே சொன்னாள். "வரச் சொல்லு. கூண்டை நாலு நாள் வச்சுக்கிறேன்னு எதிர்வீட்டுல அன்னிக்கே சொல்லிட்டாங்க."